தொட்டி கழுவுகிறவன்

நவம்பர் 9, ஞாயிறு

டயர் கம்பெனிக்காரர்கள் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமாகப் பழைய டியூப்களுக்கு அடியில் கிடந்து ரப்பர் வாடை அடிக்கிறது. எழுதும்படி ஒன்றும் நடக்காததால் எழுதவில்லை. இன்றைக்கு நடந்தது. வீட்டுக்கு ஒரு மீன் தொட்டி வாங்கி வந்துவிட்டேன்.

"எதுக்குங்க இது?" என்று கனி கேட்டாள்.

"வாஸ்து" என்றேன்.

"பஞ்சர் கடைக்கு வாஸ்துவா? அப்ப ரோட்டுல ஆணியும் அதுவே போட்டுருமா?"

வீட்டு முன்பக்கம்தான் என் பஞ்சர் கடை. கனி என் மனைவி. சண்முகக்கனி. எனக்கு நாற்பத்தாறு வயதில் நடந்த முதல் கல்யாணம், அவளுக்கு இரண்டாவது. போன தை மாதம்தான். மகள் சுடர்விழி கனியோடு வந்தவள், ஆறாவது படிக்கிறாள். அவள் அப்பா இறந்து நாலு வருஷம் ஆகிறது.

சுடருக்கு என்னோடு சண்டை எதுவும் கிடையாது. பேச்சும் கிடையாது. எனக்குச் சொல்ல வேண்டியதை அவள் அம்மாவிடம் சொல்வாள், நான் பக்கத்திலேயே நின்றாலும். "அம்மா, கடையில ஆளு வந்துருக்குன்னு சொல்லு." கனி என்னிடம் சொல்வாள். நான் அப்போதுதான் கேட்டதுபோல எழுந்து போவேன்.

அரையாண்டு லீவுக்கு அவள் சித்தப்பா கோவில்பட்டியிலிருந்து வந்து கூட்டிப்போகிறார். பிடித்துப்போனால் அங்கேயே இருந்து படிக்கட்டும் என்று பேச்சு. அவள் இஷ்டம் என்று கனி சொல்லிவிட்டாள். நானும் தலையாட்டினேன். வேறு எதை ஆட்டுவது?

மீன் தொட்டிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

தங்கமீன் இரண்டு, மோலி நாலு. மோலியில் ஒன்று நல்ல ஆரஞ்சு நிறம், வாலடியில் கறுப்பாக ஒரு மச்சம். சுடர் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஒருமுறைக்கு மேலேயும் இருக்கும்.

நவம்பர் 10, திங்கள்

மீன்கள் நலம். நானும் அவ்வண்ணமே.

நவம்பர் 12, புதன்

காலையில் பார்த்தால் எல்லா மீனும் தண்ணீருக்கு மேலே வந்து வாயை வாயைத் திறக்கின்றன. கோயில் தெப்பக்குளத்துப் படியில் நின்றால் மீன் இப்படித்தான் கேட்கும். நாம் பொரி போடுவோம், அது தின்னும், நமக்குப் புண்ணியம். ஆகவே ஒரு பிடி பொரி வாங்கி வந்து போட்டேன். மதியம் மறுபடி வாயைத் திறந்தன. மறுபடி போட்டேன். வாய் திறந்து கேட்கிற உயிருக்கு இல்லையென்று சொல்ல எனக்கு வராது. திறக்காத உயிரோடுதான் என்ன செய்வதென்று தெரிவதில்லை.

சாயங்காலம் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி ஆகிவிட்டது. ஒரு தங்கமீன் மல்லாந்து மிதந்தது.

நவம்பர் 14, வெள்ளி

தப்பு எங்கே என்று பிடித்துவிட்டேன். அழுக்கு!

எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை வரும். வருவதற்கு முன் பழந்தண்ணீரையெல்லாம் கொட்டி, ட்ரம், குடம், அண்டா அத்தனையும் கழுவிக் கவிழ்த்துவைப்பது வழக்கம். போதாததற்கு, வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வரும் பாக்கியம் கையில் டார்ச்சோடு வந்து நிற்கும்.

"தண்ணி நிக்கிற சாமான் எதுவா இருந்தாலும் வாரா வாரம் கொட்டிரணும்ணே. பிளீச்சிங் பவுடரப் போட்டு நல்லா உரசணும். ஓரத்துலதான் முட்ட ஒட்டிக்கிட்டு இருக்கும்."

கடை வாசலில் டியூப் முக்கிப் பார்ப்பதற்கு ஓர் அரை ட்ரம் வைத்திருக்கிறேன். அதன் தண்ணீரை நான் மாற்றுவதே இல்லை. அதற்காகப் பாக்கியத்திடம் வாராவாரம் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். அந்தக் குறையைத் தீர்க்க இன்று மீன் தொட்டியை ஒரு வழி பண்ணினேன். மீன்களை வாளிக்கு மாற்றி, தொட்டியைக் கவிழ்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, தேங்காய் நாரால் மூலைமுடுக்கெல்லாம் உரசினேன். கூழாங்கற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். காற்று மோட்டாரோடு வந்த வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து வெள்ளையாக்கினேன். பைப்பில் வந்த புதுத்தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றினேன். வெள்ளிக்கிழமையாயிற்றே என்று கனி கண்ணாடிக்குச் சந்தனப் பொட்டும் வைத்தாள்.

தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தால்தான் தெரியும். அப்படி ஒரு பளபளப்பு. பத்தாம் வகுப்பை நான் இரண்டு தடவை படித்தது வீண்போகவில்லை.

நவம்பர் 15, சனி

இரண்டு மோலி போய்விட்டது.

மீன் கடை ஸ்டீபனிடம் ஓடினேன். "வெள்ளப்புள்ளி நோயாத்தான்ணே இருக்கும்" என்றான்.

"புள்ளி ஒண்ணும் காணோமேப்பா."

"வர்றதுக்கு முந்தியே மருந்து போட்டா வரவே வராதுல்ல?"

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதுபோலப் பட்டது. நீல மருந்து வாங்கிவந்து ஊற்றினேன். இப்போது தொட்டி முழுக்கச் சொட்டு நீலம். மீன் பிழைக்கிறதோ இல்லையோ, வேட்டியை முக்கி எடுத்தால் நன்றாக வெளுக்கும்.

நவம்பர் 17, திங்கள்

சுடர் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், போனதற்குப் பதிலாக அதே நிறத்தில் வேறு மீன்கள் வாங்கிவந்து விட்டேன். பிள்ளை மனசு சங்கடப்பட வேண்டாமே.

சாயங்காலம் வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை, தொட்டிமுன் நின்று பார்த்தாள்.

"அம்மா, அந்தக் கறுப்பு மோலிக்கு வாலு கிழிஞ்சிருந்துச்சு. இதுக்கு நல்லா இருக்கு."

கனி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"செத்தா செத்துருச்சுன்னு சொல்லணும்மா. வேற ஒண்ணக் கொண்டாந்து வச்சுட்டு அதுதான் இதுன்னு காட்டக் கூடாது."

மீனைப் பற்றித்தான் சொன்னாள்.

நவம்பர் 21, வெள்ளி

மீண்டும் கழுவல். போன தடவை விட்டுப்போன இடத்தையும் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன்.

கழுவிக்கொண்டிருந்தபோது சுடரின் சித்தப்பா கருணாகரன் போன் பண்ணினார். நல்ல மனிதர். ஒரு தடவைகூட என்னை மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. "பரீட்ச முடிஞ்ச மறுநாளே வந்துர்றேன் அண்ணாச்சி. ஸ்கூல்லயும் பேசி வச்சிருக்கேன்" என்றார். "வாங்க தம்பி, தாராளமா வாங்க" என்றேன். தாராளமாகத்தான் சொன்னேன். பிறகு பார்த்தால் அந்தப் பல் பிரஷ் இரண்டாக ஒடிந்திருந்தது. பழசு, அதுதான்.

நவம்பர் 23, ஞாயிறு

எல்லாம் போயிற்று. மச்சம் வைத்த ஆரஞ்சு மோலி மட்டும் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் சிவந்து, கண் ஒன்று மேல் பார்த்து.

என் தொழிலில் இப்படிக் கஷ்டம் கிடையாது. டியூப்பைக் காற்றடைத்துத் தண்ணீரில் முக்கினால் எங்கே ஓட்டையோ அங்கே குமிழி விட்டு அதுவே காட்டிக்கொடுத்துவிடும். இங்கே மோட்டார் போட்டு நானே தொட்டி முழுக்கக் குமிழி விட்டுக்கொண்டிருக்கிறேன். ஓட்டை எங்கே என்று எப்படித் தேடுவது?

மோலி அசையவில்லை. உயிர் போய்விட்டதென்று எடுத்தேன். குப்பையில் போட மனசு வரவில்லை. கொஞ்சம் தண்ணீரோடு ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வைத்துக் கொல்லைப்பக்கம் சுவரோரம் வைத்தேன். கனியிடம், "அந்தத் தொட்டிய யாருக்காச்சும் குடுத்துருவோம்" என்றேன்.

அவள், "வாஸ்து என்ன ஆகுறது?" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பிட வாங்க" என்றாள்.

நவம்பர் 25, செவ்வாய்

மூன்று பஞ்சர். ஒரு டிராக்டர் டியூப். போய்ப் பார்த்தேன், சிரட்டை காலி. பூனை.

நவம்பர் 28, வெள்ளி

நிதானமாக எழுத வேண்டிய நாள்.

காலையில் பாக்கியம் வந்தது. நேரே கடை வாசல் அரை ட்ரம்முக்குப் போய் டார்ச் அடித்தது. நான் வழக்கம்போலத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன்.

"என்னண்ணே இது?"

"கொட்டிர்றேன் பாக்கியம். இன்னைக்கிக் கொட்டிர்றேன்."

"எதுக்குக் கொட்டணும்? ஒரு புழு இல்ல. மீனுல்ல வளக்குறீங்க!"

எட்டிப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர், பாசி பிடித்த செங்கல். டியூப் அசையாமல் இருக்க முட்டுக்கொடுத்து நான் போட்டுவைத்த செங்கல் அது. அதன் பக்கத்தில் ஆரஞ்சாக ஒன்று வாலை ஆட்டியது. வாலடியில் கறுப்பு மச்சம்.

"இப்படி முன்னாலயே விட்டிருந்தா நான் ஏண்ணே உங்களோட மல்லுக்கட்டப் போறேன்?" என்று சொல்லிவிட்டுப் பாக்கியம் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பளிங்குத் தொட்டியில் சாகக்கிடந்தது, இந்தச் சாக்கடையில் ராஜா மாதிரி நீந்துகிறது! பாவம், பிழைத்ததே பெரிது, நல்ல இடத்துக்கு மாற்றுவோம் என்று காலித் தொட்டியைத் தூக்கிவந்து குழாயடியில் வைத்தேன். பிளீச்சிங் பவுடர் டப்பாவைத் திறந்தேன்.

"கழுவாதீங்க!"

தெருவில் போனவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். வாசற்படியில் யூனிபாரத்தோடு சுடர் நின்றாள். ஒரு பக்கம்தான் சடை போட்டிருந்தது.

"உங்களுக்குச் சும்மாவே இருக்கத் தெரியாதா?"

நான் டப்பாவைக் கீழே வைத்தேன்.

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம கழுவுறீங்க. சனிக்கெழமையிலருந்து சாகுது. ட்ரம்ம நீங்க கழுவவே இல்ல. அதுல சாகல."

"நீதான் தாயி எடுத்து விட்டியா?"

"செவுளு ஆடிக்கிட்டு இருந்துச்சு. நீங்க சரியாப் பாக்கல."

"அப்ப கழுவுறதுதான் தப்புன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். கனி குளித்துக்கொண்டிருந்தாள். சொல்லியனுப்ப ஆள் இல்லை.

"இப்பச் சொல்லிட்டேன்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கல்யாணமாகிப் பத்து மாதத்தில் என்னைப் பார்த்து அவள் பேசிய முதல் பேச்சு. முழுக்கத் திட்டு. இன்றைக்கு வந்த பஞ்சர் எல்லாவற்றுக்கும் டியூப்பில் இருந்த பழைய ஒட்டுகளையும் சேர்த்து இலவசமாகப் பார்த்துக்கொடுத்தேன்.

நவம்பர் 29, சனி

சுடரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்டீபன் கடைக்குப் போனேன். பின்னால் உட்கார்ந்து, எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கூடையை வைத்துக்கொண்டாள். கூடையில் ஒன்றும் இல்லை. பரவாயில்லை.

நான் வாயைத் திறக்கும் முன் அவளே கேட்டாள். "அண்ணா, தொட்டியக் கழுவுனா மீன் சாகுமா?"

"கழுவுனீங்களா? முழுசாவா?" ஸ்டீபன் என்னைப் பார்த்தான். "பஞ்சையுமா? பைப்புத் தண்ணிலயா?"

"பிளீச்சிங் பவுடர் போட்டு" என்றாள் சுடர். பெரிய இடத்தில் புகார் கொடுக்கிற மாதிரி இருந்தது.

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "பவுடர் வாடையே மீன் செவுள எரிச்சிரும்ணே. பைப்புத் தண்ணியிலயும் அந்த மருந்து உண்டு, ரெண்டு நா தெறந்து வச்சாத்தான் போகும். அதுபோக, மீனு தின்னுட்டுப் போடுற கழிவு வெசம். அந்த வெசத்த முறிக்கிற கிருமி ஒண்ணு இருக்கு, நல்ல கிருமி. அது பஞ்சுலயும் கல்லுலயும் மெதுவா ஊறி வரணும். புதுத் தொட்டிக்கு மாசக் கணக்காகும். நீங்க அது குடியேற ஏற வாராவாரம் காலி பண்ணிவிட்டிருக்கீங்க."

"ஏன்டா, இத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"நீங்க வந்ததும் என்ன மருந்துன்னுதானண்ணே கேட்டீங்க?"

திரும்பும்போது சுடர் பின்னாலிருந்து, "பொரி போட்டதச் சொல்லலயே" என்றாள். சிரித்தாளா என்று கண்ணாடியில் பார்க்கப்போய் ஒரு ஆட்டோவில் இடிக்க இருந்தேன்.

டிசம்பர் 1, திங்கள்

அவள் சொன்னபடி நடந்தது. ட்ரம்மில் இருந்த செங்கல் தொட்டிக்குப் போயிற்று, பாசியோடு; நல்ல கிருமி அதில்தான் குடியிருக்குமாம். ட்ரம் தண்ணீரும் பாதி. மீதிக்கு இரண்டு நாள் வாளியில் திறந்துவைத்த தண்ணீர். ஆரஞ்சு மோலி ஒண்டிக்கட்டையாக உள்ளே சுற்றுகிறது. பார்க்கச் சகிக்கவில்லை. என் கடையையே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மாதிரி இருக்கிறது.

டிசம்பர் 5, வெள்ளி

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாளைக் கழித்தேன். சும்மா இருப்பது இவ்வளவு வேலை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கனிதான் பொறுக்காமல், "வெள்ளிக்கெழம அதுவுமா நடுவீட்டுல நாத்தத் தண்ணியா?" என்றாள்.

"நாறல. மோந்து பாரும்மா" என்றாள் சுடர். இருவரும் மோந்து பார்த்தார்கள். மழை பெய்த மண் மாதிரித்தான் வாடை. கனி சந்தனப் பொட்டை வைத்துவிட்டுப் போனாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

தண்ணீர் வெள்ளையாகக் கலங்கிவிட்டது. குழாய்வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். சுடர் கணக்குப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே, "தானாத் தெளியும்" என்றாள்.

நானும் அவளிடம் பரீட்சை எப்படி, பேனா இருக்கா, ஹார்லிக்ஸ் கலக்கட்டுமா என்று கேட்பதைக் குறைத்திருக்கிறேன். தொட்டிமுன் பேசாமல் உட்கார்ந்தால் அவளாகவே ஏதாவது சொல்கிறாள். அதிகம் இல்லை. ஒரு வாக்கியம், இரண்டு வாக்கியம்.

டிசம்பர் 13, சனி

தெளிந்துவிட்டது! எப்போது தெளிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்டீபனிடம் இரண்டு மோலி மட்டும் வாங்கிவந்தோம். நான் நாலு கேட்டேன். "ரெண்டு போதும்" என்று எனக்கு முன்னால் அவனிடம் சொல்லிவிட்டாள். கூடை எடுத்துவர மறந்துவிட்டாள்.

டிசம்பர் 16, செவ்வாய்

கடையில் லாரி டயரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சுடர் வந்து பக்கத்தில் நின்றாள்.

"புதுசுல ஒண்ணு செத்துருச்சு."

ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

"மாத்தி வச்சுராதீங்க."

"மாட்டேன்."

முருங்கை மரத்தடியில் குழி தோண்டினோம். மண்ணைத் தள்ளிவிட்டு அவள் சொன்னாள், "எங்கப்பாவுக்கும் மீன்னா பிடிக்கும். திங்கிறதுக்கு." நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் முழித்தேன். அவள் சிரித்தாள். அதன்பின் கொஞ்சம் அழுதாள். நான் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்ற இரண்டும் நன்றாக இருக்கின்றன.

டிசம்பர் 22, திங்கள்

நாளையோடு பரீட்சை முடிகிறது. அவள் துணிப் பையை எடுத்துவைத்திருக்கிறாள். ஜிப் ஓடவில்லை என்று இழுத்துக்கொண்டிருந்தாள். வாங்கி மெழுகுவத்தி தேய்த்து ஓடவைத்தேன். மூன்று தடவை திறந்து மூடிப் பார்த்தேன். அருமையாக மூடுகிறது. இந்தக் கை இருக்கிறதே, சும்மா இருக்க வேண்டிய நேரத்தில்தான் திறமையைக் காட்டும்.

எத்தனை நாளுக்குத் துணி வைத்திருக்கிறாள் என்று பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது.

டிசம்பர் 24, புதன்

கருணாகரன் வந்தார். கனி காப்பி கொடுத்தாள். அவர் தொட்டியைப் பார்த்துவிட்டு, "பாசி ஏறியிருக்கே அண்ணாச்சி, ஒரு நாளைக்கிக் கழுவிவிடக் கூடாதா?" என்றார்.

"சித்தப்பா!" என்று உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பாவம், மனிதர் காப்பியைச் சட்டையில் சிந்திக்கொண்டார்.

சுடர் பையோடு வந்தாள். பை பெரிதாகத்தான் இருந்தது. கருணாகரன் அதை வாங்கிக்கொண்டு, "எல்லாம் எடுத்துக்கிட்டியாம்மா? புஸ்தகம்? ஜனவரியில அங்க சேக்குறதுன்னா..." என்றார்.

கனி அடுப்படி வாசலில் நின்றாள். நான் தொட்டிக்குள் பார்த்தேன். மீன்களுக்கும் விஷயம் தெரிந்ததுபோல ஒரு மூலையில் நின்றன.

"லீவுக்கு வாறேன் சித்தப்பா. ஸ்கூலுக்கு இங்க வந்துருவேன்."

"ஏம்மா? அங்க உனக்கு என்ன கொற?"

"கொறையெல்லாம் இல்ல." அவள் என் பக்கம் கையை நீட்டினாள். "இவரு இருக்காருல்ல? இவருக்குச் சும்மா இருக்க வராது. நான் இல்லைன்னா தொட்டியக் கழுவிருவாரு."

கருணாகரன் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு நல்ல மனுஷன் அந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பான்? "அதெல்லாம் இல்ல தாயி, நான் பாத்துக்கிர்றேன், நீ படிப்பப் பாரு" என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருப்பான்.

"கழுவிருவேன் தம்பி" என்றேன். "கண்டிப்பாக் கழுவிருவேன்."

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பின்பு சிரித்துவிட்டார். "சரி மதினி, ஸ்கூல் தொறக்குறதுக்கு முந்துன நாள் நானே கொண்டாந்து விட்டுர்றேன்" என்று கனியிடம் சொன்னார். கனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டைக் கறைக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

டிசம்பர் 26, வெள்ளி

காலையில் பைப்பில் தண்ணீர் வருகிற நேரம், கோவில்பட்டியிலிருந்து போன் வந்தது.

"கழுவுனீங்களா?"

"இல்ல."

"பஞ்ச?"

"தொடல."

"சரி" என்று வைத்துவிட்டாள். அம்மாவிடம் கொடுங்கள் என்று சொல்லவில்லை.